குடும்ப மரம் வரைந்த மருத்துவர்

1866ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கட்டிகளைப் பற்றிய பெரிய மருத்துவ நூலொன்றின் முதல் தொகுதி வெளிவந்தது. அதனை எழுதியவர் பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர். கட்டிகள் எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு வளர்கின்றன, அவற்றுக்கு என்ன மருத்துவம் செய்யலாம் என்று விரிவாகப் பேசும் அந்நூலின் இடையே ஒரு குடும்பத்தின் வரலாறும் இடம்பெற்றிருந்தது. அக்குடும்பத்துப் பெண்கள் எந்தெந்த நோயால் இறந்தனர் என்பதை நான்கு தலைமுறைகளுக்கு அவர் வரிசைப்படுத்தியிருந்தார். அதில் பெயர்கள் இல்லை; பெயர்களுக்கு மாற்றாக எழுத்துகளே இருந்தன. புற்றுநோய்க்கு ஆளாகும் இயல்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாறு காட்டும் தொடக்ககாலச் சான்றுகளுள் அவ்வரிசை தலையாய இடம் பெறுகிறது.

புரோக்காவின் பெயரை உலகம் நினைவில் கொண்டிருப்பது வேறொரு காரணத்தால். பேச்சை ஆளும் மூளைப்பகுதியைக் கண்டு சொன்னவர் என்றே பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அப்புகழின் நிழலில் அவரது புற்றுநோய் ஆய்வு நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

பிறப்பும் கல்வியும்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், போர்தோ நகருக்குக் கிழக்கே, தோர்தோன் ஆற்றங்கரையில் செந்த் ஃபுவா லா கிராந்த் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1824ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பால் புரோக்கா பிறந்தார். தந்தை மருத்துவர், நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். தாய் சீர்திருத்தக் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகள்; நல்ல கல்வியறிவு உடையவர். கத்தோலிக்கர் நிறைந்த நாட்டில் சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த குடும்பம் அது.

உள்ளூர்ப் பள்ளியில் பயின்ற புரோக்கா தம் பதினேழாம் வயதில் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடன் பயின்றோர் பலர் கல்வியைத் தொடங்கும் வயதிலேயே அவர் படிப்பின் பெரும்பகுதியை முடித்துவிட்டார். பின்னர்ப் புகழ்பெற்ற மருத்துவர்கள் சிலரிடம் உதவியாளராக இருந்து அறுவை மருத்துவமும் உடற்கூற்றியலும் கற்றார். 1849இல் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1853இல் மருத்துவமனை அறுவை மருத்துவராகவும் கல்லூரி ஆசிரியராகவும் பொறுப்பேற்றார்.

நுண்ணோக்கியும் கட்டிகளும்

புரோக்கா இளைஞராக இருந்த காலத்தில் புற்றுநோயைப் பற்றி மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உடலின் நீர்மங்கள் கெடுவதால் அது தோன்றுகிறது என்றனர் சிலர். அடிபட்ட இடத்தில் தோன்றுகிறது என்றனர் சிலர். துயரமும் மனச்சோர்வுமே காரணம் என்று நம்பியோரும் உண்டு. உடல் செல்களால் ஆனது என்னும் உண்மையே அப்போதுதான் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. மூத்த மருத்துவர்களுள் பலர் நுண்ணோக்கியைப் பயனுள்ள கருவியாகக் கருதவில்லை.

புரோக்கா அக்கருவியை விரும்பிப் பயன்படுத்தினார். இறந்தோரின் உடல்களிலிருந்து எடுத்த கட்டிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஓரிடத்தில் தோன்றும் புற்றுநோய், குருதியைச் சுமந்து செல்லும் சிரைகளின் வழியே வேறோரிடத்துக்குப் பரவக்கூடும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இன்று எந்த மருத்துவ மாணவரும் அறிந்திருக்கும் செய்தி இது, அன்று புதியது.

பொறுமையாகப் பார்த்தல், பார்த்ததை எண்ணிக் குறித்தல், குறித்ததை ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் அவரது பழக்கமாயின. பிற்காலத்தில் குழந்தைகளின் இறப்பு வீதத்தை ஆராய்ந்தபோதும் அவர் இம்முறையையே கையாண்டார்.

ஒரு சொல்லே பேசிய நோயாளி

1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிசுக்கு அருகிலுள்ள பிசெத்ர் மருத்துவமனையில் புரோக்காவின் அறுவைப் பிரிவுக்கு ஒரு நோயாளி கொண்டுவரப்பட்டார். வயது 51. இருபத்தோராண்டுகளாக அம்மருத்துவமனையிலேயே வாழ்ந்துவந்தவர். பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வார். ஆயினும், எதைக் கேட்டாலும் டான் என்னும் ஓரசையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்வார். அதனால் மருத்துவமனையில் டான் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. காலில் ஏற்பட்ட அழுகல் நோய் முற்றி, சில நாள்களில் அவர் இறந்தார். புரோக்கா அவரது மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க முன்மடலின் ஒரு பகுதி சிதைந்திருந்தது. பேசும் ஆற்றலுக்கு அப்பகுதி இன்றியமையாதது என்று புரோக்கா அறிவித்தார். சில மாதங்களில் இதே போன்ற இரண்டாவது நோயாளியிடமும் அதே இடத்தில் சிதைவு காணப்பட்டது. அப்பகுதி இன்றும் புரோக்கா பகுதி என்றே வழங்குகிறது.

இசட் அம்மையாரின் மக்கள்

டானின் மூளையை ஆராய்வதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1857இல், புரோக்கா அதேல் அகுஸ்தின் லுகோல் என்பவரை மணந்தார். அவரும் மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. தந்தை ழான் லுகோல், அயோடின் கரைசல் ஒன்றை உருவாக்கியவர். லுகோல் கரைசல் என்னும் பெயரில் ஆய்வகங்களில் அது இன்றும் பயன்படுகிறது. புரோக்கா இணையருக்கு ஒரு மகளும் இரண்டு மகன்களும் பிறந்தனர்.

இனி, 1866ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்ற குடும்பத்துக்கு வருவோம். அக்குடும்பத்தின் மூத்த பெண்ணை இசட் அம்மையார் என்று புரோக்கா குறிப்பிடுகிறார். அவர் மார்பகப் புற்றுநோயால் 1788இல் இறந்தார். அவருக்கு நான்கு மகள்கள். நால்வரும் புற்றுநோயாலேயே இறந்தனர்: இருவர் மார்பகப் புற்றுநோயால், இருவர் கல்லீரல் புற்றுநோயால். கல்லீரல் புற்றுநோய் என்று அன்று குறித்ததை இன்றைய மருத்துவர் சற்றே ஐயத்துடன்தான் நோக்குவார். வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவுவது மிகுதி. அதனைப் பிரித்தறியும் வசதி அக்காலத்தில் குறைவு.

புரோக்கா நான்கு மகள்களோடு நின்றுவிடவில்லை. அவர்களுடைய மக்கள், மக்களின் மக்கள் என்று 1856ஆம் ஆண்டுவரை அவ்வரிசையைத் தொடர்ந்தார். நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 24 பெண்களுள் பத்துப் பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தனர். குடும்பத்தில் வேறு சிலர் பிற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோயால் இறந்தனர்.

ஒரு குடும்பத்தில் இருவருக்கு ஒரே நோய் வருவது தற்செயலாக நேரலாம். புற்றுநோய் அரிய நோயன்று. அதனால் பெரிய குடும்பம் ஒன்றில் மூவருக்கு வந்தாலும் வியப்பதற்கில்லை. இந்த எதிர்வாதத்தைப் புரோக்கா நன்கு உணர்ந்திருந்தார். எனவே அக்குடும்பத்தின் எண்ணிக்கையைப் பொதுமக்களிடையே புற்றுநோயால் நேரும் இறப்புகளோடு அவர் ஒப்பிட்டார். இவ்வளவு பேர் ஒரே நோயால் இறந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்னும் முடிவுக்கு வந்தார். தலைமுறை தலைமுறையாக ஏதோ ஒன்று கைமாறுகிறது. அது நோயன்று, நோய்க்கு இடம் கொடுக்கும் இயல்பு என்பது அவர் கருத்து.

அந்தக் குடும்பம் எது? பிற்கால மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதனைப் புரோக்காவின் மனைவி பிறந்த குடும்பம் என்றே கொள்கின்றனர். அவ்வாறாயின், அவர் வரைந்த மரத்தின் அடுத்த கிளையில் அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். நூல் வெளிவந்த ஆண்டில் அவருடைய மூத்த மகளுக்கு எட்டு வயது. ஆயினும் அவ்வரிசை, முன்பின் அறியாத நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்பைப் போலவே எண்களும் எழுத்துகளுமாக நூலில் நிற்கிறது.

பட்டாணிச் செடிகள்

அதே 1866ஆம் ஆண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரில், கிரிகோர் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைப் பற்றிய கட்டுரையொன்றை அச்சிட்டிருந்தார். பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு எவ்வாறு செல்கின்றன என்பதற்கான விதிகள் அதில் இருந்தன. புரோக்காவின் வினாவுக்கு விடை காணும் வழி அக்கட்டுரையில் இருந்தது; ஆனால், 1900ஆம் ஆண்டுவரை அதனை அறிவியல் உலகம் ஏறக்குறையப் பொருட்படுத்தவேயில்லை. பாரிசில் ஒருவர் மனிதக் குடும்பத்தை எண்ணிக்கொண்டிருந்தார். புருனோவில் ஒருவர் பட்டாணி விதைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அளவுகோல் தவறிய இடம்

புரோக்கா எண்ணியவை அனைத்தும் நல்ல விளைவைத் தரவில்லை. 1859இல் அவர் பாரிஸ் மானிடவியல் கழகத்தை நிறுவினார். மண்டையோடுகளை அளப்பதற்கென்றே பல கருவிகளை உருவாக்கினார்; மூளைகளை எடை போட்டார். பெண்களின் மூளை சராசரியாகச் சிறிதாக இருப்பதைக் கொண்டு அவர்களது அறிவாற்றல் குறைவு என்றும், மண்டையோட்டின் கொள்ளளவைக் கொண்டு மனித இனங்களுள் உயர்வு தாழ்வு உண்டென்றும் முடிவு கட்டினார். பெண்களின் உடலே ஆண்களின் உடலைவிடச் சிறிது என்பதற்கு அவர் உரிய மதிப்பளிக்கவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்க அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் அவ்வளவுகளை மறுபடியும் ஆராய்ந்து 1981இல் நூலொன்று எழுதினார். புரோக்கா கவனமாகவே அளந்திருந்தார் என்பதைக் கூல்ட் ஒப்புக்கொண்டார். பிழை அளவையில் இல்லை; முடிவை முன்னரே மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ப எண்களுக்குப் பொருள் கூறியதில் இருந்தது. இசட் அம்மையாரின் குடும்பக் கணக்கில் அவருக்கு அத்தகைய முன்முடிவு தேவைப்படவில்லை. அங்கு அவர், தற்செயலாக இருக்கலாமோ என்னும் ஐயத்தை முதலில் தமக்கே எழுப்பிக்கொண்டார். மண்டையோடுகளை அளந்தபோது அந்த ஐயம் அவரிடம் எழவில்லை. ஒரே மனிதர், ஒரே முறை, இருவேறு விளைவுகள்.

இறுதி ஆண்டுகள்

1868இல் அவர் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். கட்டிகளைப் பற்றிய நூலின் இரண்டாம் தொகுதி அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்தது. 1880இல் நாடாளுமன்ற மேலவையின் வாழ்நாள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையை நெடுநாள் துய்க்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 9ஆம் நாள், தம் ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார். மகன்கள் இருவரும் தந்தையின் வழியே சென்றனர்: அகுஸ்த் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்திலும், ஆந்த்ரே மருத்துவ இயற்பியலிலும் பேராசிரியராயினர். ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் புரோக்காவின் பெயரும் ஒன்று. பிறர் மூளைகளை எடை போட்டவரின் மூளையும் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்பட்டது.

கைமாறியது எது?

புரோக்கா ஏதோ ஒன்று என்று மட்டும் அறிந்திருந்ததற்கு உரிய பெயர் மரபணு. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் இரண்டு படிகளாக உள்ளன. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகின்றன. மரபணுவின் எழுத்து வரிசையில் நிகழும் மாற்றம் சடுதிமாற்றம் எனப்படும். பெரும்பாலான சடுதிமாற்றங்கள் வாழ்நாளில் உடலின் ஏதேனும் ஒரு செல்லில் நிகழ்கின்றன. அவை பிள்ளைகளைச் சென்றடைவதில்லை. சில மட்டும் கருமுட்டையிலோ விந்தணுவிலோ இடம்பெற்று, அடுத்த தலைமுறையின் உடலிலுள்ள எல்லாச் செல்களிலும் அமைந்துவிடுகின்றன.

1990இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மேரி கிளேர் கிங் என்னும் பெண் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும், மார்பகப் புற்றுநோய் அடுத்தடுத்துத் தோன்றிய குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளதென அறிவித்தனர். மார்பகப் புற்றுநோய் போன்ற பரவலான நோய்க்கு ஒற்றை மரபணு காரணமாக இருக்க முடியாது என்று அறிவியலாளர் பலர் அதுவரை எண்ணியிருந்தனர். அவரும் புரோக்காவைப் போலவே குடும்ப மரங்களிலிருந்து தொடங்கியவர்; அவரிடம் மரபணு ஆய்வுக் கருவிகளும் இருந்தன. 1994இல் பிஆர்சிஏ 1 என்னும் அம்மரபணு தனித்துப் பிரித்தறியப்பட்டது. 13ஆம் குரோமோசோமிலுள்ள பிஆர்சிஏ 2 அதற்கு அடுத்த ஆண்டில் கண்டறியப்பட்டது. இசட் அம்மையாரின் குடும்பத்தில் கைமாறியது இவற்றுள் ஒன்றன் சடுதிமாற்றமாக இருக்கலாம் என்று கருதுவோர் உள்ளனர்.

இம்மரபணுக்கள் புற்றுநோயை உண்டாக்குவதற்காக உடலில் அமைந்தவை அல்ல. அதனைத் தடுக்கும் காவலர்கள். செல்லிலுள்ள டி.என்.ஏ. இழை அறுந்துபோனால் அதனைப் பழுதுபார்க்கும் பணியில் அவை பங்கேற்கின்றன. ஒரு படி பழுதாகப் பிறந்தவருக்கு மற்றொரு படி அப்பணியைச் செய்துவரும். ஏதேனும் ஒரு செல்லில் அதுவும் கெட்டுவிட்டால், அச்செல்லில் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும். புற்றுநோய்க்கு வழி திறக்கும். இரண்டு படிகளும் நலமாகப் பிறந்தவருக்கோ ஒரே செல்லில் இரண்டும் கெட வேண்டும். குடும்பத்தில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இளவயதிலேயே தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

புரோக்காவின் பட்டியலில் மார்பகப் புற்றுநோயால் இறக்காத பதினான்கு பெண்களுக்கும் இப்போது விளக்கம் கிடைக்கிறது. பழுதான படியை உடைய தாயோ தந்தையோ அதனை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்கான வாய்ப்பு சரிபாதி. எனவே அவர்களுள் பலர் அதனைப் பெறாமலே பிறந்திருக்கலாம். பெற்ற எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. அமெரிக்கக் கணக்கின்படி, பொதுவாக நூறு பெண்களுள் ஏறத்தாழ 13 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பிஆர்சிஏ மரபணுக்களுள் ஒன்றில் தீங்கான சடுதிமாற்றத்தைப் பெற்ற பெண்களுள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு அது வருகிறது. சூலகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் அவர்களுக்கு மிகுதி. ஆண்களும் இச்சடுதிமாற்றத்தைப் பெறுகின்றனர். தம் மகள்களுக்கும் மகன்களுக்கும் கொடுக்கின்றனர். தாய்வழியை மட்டும் கேட்டுவிட்டுத் தந்தைவழியை விட்டுவிடும் குடும்பங்களில் இச்செய்தி பெரும்பாலும் தெரியாமலே போகிறது.

மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஐவர் முதல் பதின்மர் வரையினருக்கே நோய் இவ்வாறு மரபுவழி வந்ததாகும். எஞ்சியோருக்கு வயது முதலிய பிற காரணங்களே மிகுதி. ஆகவே, பாட்டிக்குப் புற்றுநோய் இருந்தது என்பதாலேயே பேத்திக்கும் அது வந்துதீரும் என்று அஞ்சுவது பொருந்தாது. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில் நோய் வந்திருந்தால், மருத்துவரிடம் அதனைச் சொல்ல வேண்டும். குருதியையோ உமிழ்நீரையோ கொண்டு மரபணுவை ஆராய்வதற்கு இன்று வழி உண்டு. சடுதிமாற்றம் இருப்பது தெரிந்தால், இளவயது முதலே குறித்த கால இடைவெளியில் படமெடுத்துக் கண்காணித்தல், நோய் வருமுன் காக்கும் மருந்துகள், அறுவை மருத்துவம் எனப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் எதனைக் கொள்வது என்பதை அப்பெண்ணே மருத்துவருடன் கலந்து முடிவு செய்கிறார். இசட் அம்மையாரின் மகள்களுக்கு இவற்றுள் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வுக்கு முன்பாக, மரபியல் ஆலோசகர் ஒரு தாளை எடுத்துக்கொள்கிறார். பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குக் கட்டமும் இட்டு, தாய்வழியிலும் தந்தைவழியிலும் மூன்று தலைமுறையினரையேனும் அதில் குறிக்கிறார். யாருக்கு எந்த நோய், எந்த வயதில் வந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுகிறார். நோய் வந்தவரின் வட்டமும் கட்டமும் கறுப்பாக நிரப்பப்படுகின்றன.